குழந்தைக்கு வந்த ஒரே காம்ப்ளிகேஷன்

"குழந்தைக்கு வந்த ஒரே காம்ப்ளிகேஷன் நீங்கதானுங் அம்மிணி."

வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் சொன்னார் என் தங்கையின் நாத்தனார். இதோ இந்த வராந்தாவில், அந்தத் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டு, இத்தனை பேர் பார்க்க. நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்காத மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அது உங்கள் நாகரிகம். ஆனால் காதில் விழுந்திருக்கும். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் பொள்ளாச்சிச் சந்தையே திரும்பிப் பார்க்கும். நான் அப்படி இல்லை. கான்வென்ட்டில் படித்தவள். சத்தம் போடாமல் பேசப் பழக்கித்தான் எங்களை வெளியே அனுப்பினார்கள்.

என்ன? மெதுவாகவா? மெதுவாகத்தானே பேசுகிறேன். அந்த நர்ஸ் என்னைப் பார்த்துக் கை காட்டவில்லை. எனக்குப் பின்னால் யாரையோ பார்த்துக் காட்டுகிறாள். பின்னால் சுவர்தான் இருக்கிறது என்றால் அது அவள் பிரச்சினை.

உங்கள் பையனுக்கு என்ன? வேர்க்கடலையா? மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டதா? அது ஒன்றுமே இல்லை, எடுத்துப் போட்டுவிடுவார்கள். இந்த வயதுப் பையனுக்குக் கடலை கொடுத்தது யார், உங்கள் மாமியாரா? ஓ, நீங்களேவா. சரி, விடுங்கள்.

எங்கள் கதை அப்படி இல்லை. உள்ளே படுத்திருப்பது என் தங்கை சுகந்தியின் மகள். கவிநயா. நாலு வயது. தொண்டைக்குக் கீழே ஆபரேஷன் செய்து விரித்துவிட்ட வழி விரித்தபடியே இருக்கிறதா, இல்லை வீங்கிச் சுருங்கிவிட்டதா என்று டாக்டர் மாதங்கி இப்போது கேமராவை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுருங்கியிருந்தால் மறுபடி கழுத்தில் ஓட்டை. மறுபடி குழாய். மறுபடி சத்தமே இல்லாத பிள்ளை. இவ்வளவுதான் விஷயம். இதில் நான் காம்ப்ளிகேஷனாம்.

முதலில் இருந்து சொல்கிறேன், அப்போதுதான் நியாயம் யார் பக்கம் என்று தெரியும். கவி குறைமாதப் பிள்ளை. பிறந்ததும் மெஷினில் வைத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, அந்தக் குழாய் ரொம்ப நாள் இருந்ததில் மூச்சுப் பாதை உள்ளுக்குள்ளேயே சுருங்கிவிட்டது. அதனால் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சு வரும், குரல் வராது. அழுதால் வாய் திறக்கும், கண்ணீர் கொட்டும், சத்தம் மட்டும் இருக்காது. டிவியை மியூட்டில் போட்ட மாதிரி. என் தங்கை நாலு வருடமாகக் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழ் போட்டதில்லை. அழுவது காதில் விழாதே, கண்ணால்தானே பார்க்க வேண்டும்.

டாக்டர் மாதங்கிதான் தைரியம் சொன்னார். விலாவில் இருந்து குருத்தெலும்பு கொஞ்சம் எடுத்து, மூச்சுப் பாதையில் வைத்துத் தைத்து அகலமாக்கிவிடலாம் என்றார். உடனே நாத்தனார் கேட்கிறார்: "விலாவுல எடுத்துத் தொண்டையில வெப்பீங்க, சேரி. அப்ப விலாவுக்கு எங்கிருந்து எடுத்து வெப்பீங்க?" டாக்டர் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

அந்த நாத்தனார் பெயர் தெய்வானை. பூபதிக்கு, அதாவது கவியின் அப்பாவுக்கு, அக்கா. பக்கத்துத் தோட்டத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தூங்குவது மட்டும் அங்கே, மற்றதெல்லாம் இங்கே. என்னைவிட வயதில் மூத்தவர், ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் நான் ஒவ்வொரு வாக்கியத்திலும் மறக்காமல் "தெய்வானையக்கா" என்று சேர்த்துவிடுவேன். மரியாதைதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்துக் குழாயை எடுத்தாகிவிட்டது, குரல் வர மட்டும் கொஞ்ச நாளாகும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்துச் சொன்னார். "ஆபரேஷன் என் வேலை, முடிச்சுட்டேன். இனிமே அதைக் கெடுக்காம இருக்கறது உங்க வேலை" என்றார். சளி இருமல் உள்ளவர்கள் கிட்டே வரக் கூடாது. கை கழுவாமல் தொடக் கூடாது. புகை, பவுடர், நெடி எதுவும் ஆகாது. தண்ணீர் புரையேறும், கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். புளிப்பு காரம் வேண்டாம். சாப்பிட்டதும் படுக்கவைக்கக் கூடாது, வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தையலைப் புண்ணாக்கிவிடும். அழவிடக் கூடாது, கத்தவிடக் கூடாது. மூச்சு இழுக்கும்போது கொர்ரென்று சத்தம் வந்தாலோ, கழுத்துக் குழி உள்ளே போனாலோ, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கிளம்பி வர வேண்டும்.

தெய்வானையக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்த அன்றே நான் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். யாரும் கூப்பிடவில்லை. சொந்தத் தங்கை வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டுமா? என் வீட்டுக்காரர்கூட, "மெதுவா வா, அவசரமே இல்ல, ஒரு ரெண்டு மூணு மாசம் இருந்துட்டு வா" என்றார். அவ்வளவு பெருந்தன்மை அந்த மனிதருக்கு. பஸ் ஏற்றிவிட்டுக் கையாட்டும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

போய்ப் பார்த்தால், கேட்டில் இருந்தே ஜனம். உங்களுக்குத் தெரியாதா, நம் பக்கத்தில் ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்து வந்தால் போதும், ஆரஞ்சுப் பழமும் பிரெட்டுமாகக் கிளம்பிவிடுவார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கன்னத்தைக் கிள்ளுவார்கள், தழும்பைத் தொட்டுப் பார்ப்பார்கள், "பேசு கண்ணு, பேசு கண்ணு" என்பார்கள். நான் தென்னைக்குத் தண்ணீர் விடுகிற குழாயை இழுத்துக்கொண்டுவந்து கேட்டிலேயே நின்றேன். கையைக் காட்டு, காலைக் காட்டு, தும்மல் இருக்கிறதா, வீட்டுக்குத் திரும்பு. பூபதியின் பெரியப்பா ஒருவர், வெள்ளை வேட்டி சட்டையில் வந்தவர். மூக்குப்பொடி போடுகிற ஆள். டப்பியைப் பிடுங்கிப் புகையிலைக் காட்டுப் பக்கம் எறிந்தேன். கூடவே கொஞ்சம் தண்ணீரும் பட்டுவிட்டது. முழுக்க நனைந்துவிட்டார் என்று தெய்வானையக்கா சொல்கிறார். முழங்காலுக்கு மேலேதான்.

மற்றவர்களுக்கு ஜன்னல் வழியாகப் பார்க்க மட்டும் அனுமதி. கவி உள்ளே இருந்து மந்திரி மாதிரி கையாட்டுவாள். ஆண்டவன் புண்ணியத்தில் அவளுக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் சத்தம் கூடாது என்றும் சட்டம் போட்டேன். எங்கள் ஸ்கூலில் ஸிஸ்டர் பெர்னதெத் வகுப்புக்குள் நுழைந்தாலே நாங்கள் எல்லோரும் உதட்டில் விரலை வைத்துக்கொள்ள வேண்டும். அதையே இங்கேயும் கொண்டுவந்தேன். பூபதி, சுகந்தி, தேங்காய் உரிக்க வருகிறவர்கள், பால் ஊற்றுகிறவர், எல்லோரும் வாசற்படி தாண்டினால் உதட்டில் விரல். பால் ஊற்றுகிறவருக்கு இரண்டு கையிலும் கேன், பாவம். கேனை வைத்துவிட்டு விரலை வைக்கச் சொன்னேன். விரலை வைத்துக்கொண்டு பால் ஊற்ற முடியாது என்றார். சத்தம் போட்டுத்தான் புரியவைக்க வேண்டியிருந்தது.

கவியிடம் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. அடுப்படியில் இருந்தபடியே, "கவி, கத்தாதே" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பேன். சுகந்தி வந்து, "அக்கா, அவ வாயே திறக்கலை. நீதான் கத்தறே" என்றாள். ஆமாம், கவி கத்தவில்லை. கத்திவிடக் கூடாதே என்று முன்கூட்டியே சொல்கிறேன். தடுப்பு என்றால் என்ன? வருமுன் தடுப்பதுதானே? வந்தபிறகு கத்தாதே என்று சொல்ல நான் எதற்கு?

சாப்பாடு என் பொறுப்பு. கெட்டிக் கஞ்சி, சிறிய ஸ்பூன், தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, மெதுவாக. சாப்பிட்ட பிறகு சுவரில் முதுகு ஒட்டி நேராக உட்காரவைத்து, ஜீரணமாகும் வரைக்கும் என் ஸ்கூல் கதைகளைச் சொல்வேன். ஆரம்பித்ததுமே கண்ணை மூடிவிடுவாள். உட்கார்ந்தபடியே தூங்குகிற குழந்தையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு ஒழுக்கம். சுகந்திகூட ஒருநாள் அப்படித் தூங்கினாள்.

தெய்வானையக்கா என்ன செய்தார் தெரியுமா? முந்தானைக்குள் ஒரு டம்ளரை மறைத்துக்கொண்டுவந்தார். மோப்பம் பிடித்துக்கொண்டே போய்க் கையும் டம்ளருமாகப் பிடித்தேன். பச்சைப்புளி ரசம்.

"தெய்வானையக்கா, இது புளிப்பு."

"ரசம்னா புளிக்காம இனிக்குமா அம்மிணி? என்ற தம்பி புள்ளைக்கு நாக்கே செத்துப்போச்சு. ஒரே ஒரு கரண்டி."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டரு பொறக்கறதுக்கு மின்னாலிருந்து நாங்க ரசம் குடிக்கறோம்."

அந்த ரசத்தை நானே குடித்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. வீணாக்கக் கூடாது என்று எங்கள் கான்வென்ட்டில் சொல்லிக் கொடுத்தது. நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. குழந்தைக்கு ஒரு தும்மல் கிடையாது, ஒரு இருமல் கிடையாது. இன்றைக்குக் காலையில்தான் பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து. அதற்கு வந்த கூட்டம் திரும்பிப் போகிற வழியில், "பூபதி புள்ளையை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம்" என்று வேனோடு வந்து இறங்கிவிட்டது. நான் ஒருத்தி, குழாய் ஒன்று. எத்தனை பேரைத்தான் கழுவ முடியும்? மொத்தக் கூட்டமும் ஜன்னலில் அப்பிக்கொண்டு, "அட, எம்புட்டு அழகா மூச்சு உடறா பாரு" என்றது.

வேன் போனது. தெய்வானையக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அத்தனை கண்ணும் புள்ளை மேல. இன்னிக்கே சுத்திப் போடோணும்" என்றார். மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றி நெருப்பில் போட வேண்டுமாம். "மிளகாய்ப் புகையா? புதிதாகத் தைத்த மூச்சுக்குழாய்க்கா? உங்களுக்குப் பைத்தியமா தெய்வானையக்கா?" என்றேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்த வேனில் வந்து, வீடு முழுக்க ஒட்டிக்கொண்டு, குழந்தையைப் பிடித்துவிடுமாம். இந்தக் காலத்தில் இப்படியும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. அந்த வேனில் வந்த கிருமி வீடு முழுக்க ஒட்டியிருக்குமே. கண்ணுக்கா தெரிகிறது? பிளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்தேன். வாசற்படி, வராந்தா, ஜன்னல் கட்டை, கூடம், ஒன்று விடாமல் தூவினேன். அதன் மேல் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். பச்சைத் தண்ணீரில் கிருமி சாகாது.

என்ன பார்க்கிறீர்கள்? நெடியா? டாக்டர் நெடி ஆகாது என்றது சென்ட், ஊதுபத்தி மாதிரிச் சமாச்சாரங்களை. பிளீச்சிங் பவுடரில் வருவது நெடி இல்லை. அது சுத்தத்தின் வாசனை.

நான் முன்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த மகராசி பின்பக்கம் போயிருக்கிறார். கொட்டாய் ஓரத்தில், இரும்புக் கரண்டியில் கங்கு எடுத்து, அதில் மிளகாயைப் போட்டிருக்கிறார். குழந்தை மேல் சுற்றக்கூட இல்லையாம், அவளுடைய பாவாடையை எடுத்துக்கொண்டுபோய் அதைச் சுற்றினாராம். "புள்ளைகிட்ட நான் வரவே இல்லையே" என்று நியாயம் வேறு. காற்று வந்ததே?

நடு அறையில் கவி இருமினாள். ஒரு இருமல், இன்னொன்று. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. கொர். மூச்சு உள்ளே இழுக்கும்போதெல்லாம் கொர். கழுத்துக் குழியைப் பார்த்தேன். ஒரு விரல் வைத்து அழுத்தின மாதிரி உள்ளே போய் உள்ளே போய் வந்தது.

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவ்வளவு நாளும் எல்லோருக்கும் பாடம் எடுத்த எனக்கு, அந்த ஒரு நிமிஷம் என்ன செய்வதென்றே தோன்றவில்லை. ஒன்றும் தோன்றாதபோது மனிதன் என்ன செய்வான்? "உங்க மிளகாயால வந்தது தெய்வானையக்கா" என்றேன்.

"உங்க பவுடரால வந்ததுங் அம்மிணி."

"மிளகாய்."

"பவுடரு."

கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நடுவில் சுகந்தி கார் சாவியைத் தேடிக்கொண்டே, "ரெண்டு பேரும் வாயை மூடித் தொலைங்க" என்றாள். என் தங்கை என்னை அப்படிப் பேசினதே இல்லை. அவளுக்குப் பதில் சொல்லத் திரும்பிப் பார்த்தால், கட்டிலில் பிள்ளையைக் காணோம்.

எங்கே போனாள் என்கிறீர்கள்? எங்கள் காலுக்கு நடுவில் புகுந்து, கூடத்தைத் தாண்டி, வாசலில் நின்ற காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். பூபதி உள்ளேதான் உட்கார்ந்திருந்தார், எங்கள் சண்டைக்குப் பயந்து. சுகந்தி தேடின சாவியைப் போட்டு, ஏசியை ஓடவிட்டு, கண்ணாடி நாலையும் ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தத் தோட்டத்திலேயே மிளகாயும் இல்லாத, பவுடரும் இல்லாத, நாங்களும் இல்லாத ஒரே இடம் அதுதான். நாலு வயசுப் பிள்ளைக்கு எப்படித்தான் தோன்றியதோ. எல்லாம் நான் கொடுத்த பயிற்சி.

ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "கவி கண்ணு, கதவைத் திற, பெரியம்மா பாக்கறேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வழக்கமாக உதடு மட்டும்தானே அசையும்? இன்றைக்குச் சத்தம் வந்தது. கரகரவென்று, தேங்காய் நாரால் பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரு குரல். கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

"பெரியம்மா."

முதல் வார்த்தை. அவள் பிறந்து பேசின முதல் வார்த்தை. அம்மா இல்லை, அப்பா இல்லை, அத்தை நிச்சயமாக இல்லை. பெரியம்மா. சுகந்தி அப்படியே காரைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர். பவுடர் பட்டிருக்கும்.

அடுத்த வார்த்தையா? அது எதற்கு இப்போது. சொன்னாள், ஒன்று சொன்னாள். "போ" என்றாள். புதிதாகப் பேசுகிற குழந்தை, வாய்க்கு எது சுலபமோ அதுதானே வரும்? 'வா' சொல்வது கொஞ்சம் கஷ்டம் என்று நினைக்கிறேன். தெய்வானையக்கா வந்ததில் இருந்து இதை ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அவரைப் போ என்று சொல்வதற்குக்கூடக் குழந்தைக்குத் தோன்றவில்லையே.

கார் கிளம்பிவிட்டது. எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ளவில்லை. தேங்காய் லோடு டெம்போ ஒன்று நின்றது, அதில் ஏறினோம். டிரைவர் பக்கத்தில் ஒரு சீட்டு, அதில் நாங்கள் இரண்டு பேர். கிணத்துக்கடவு தாண்டும் வரைக்கும் ஒருத்தருக்கு ஒருத்தர் முகம் பார்க்கவில்லை. அப்புறம் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரோடு மோசம், வண்டி குலுங்குகிறது, அதனால்தான். "ஓட்டை போட்டுருவாங்களா அம்மிணி?" என்று ஒரு தடவை கேட்டார். "போடமாட்டாங்கக்கா" என்றேன். எனக்கென்ன தெரியும்? ஆனால் யாராவது சொல்ல வேண்டுமே. கையை நான் எடுக்கவில்லை. எடுத்தால் டிரைவர் மேல் சாய்ந்துவிடுவேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கையை உதறிவிட்டு இங்கே வந்து சொன்னதுதான் நீங்கள் கேட்டது. காம்ப்ளிகேஷன். அந்த வார்த்தையே நான் சொல்லிக் கொடுத்ததுதான் அவருக்கு.

இருங்கள். கதவு திறக்கிறது. நர்ஸ் செலின் வருகிறாள். என்ன சொல்கிறாள் சுகந்தியிடம்? கேட்கவில்லை. நீங்கள் கொஞ்சம் நகருங்கள். வீக்கமா? லேசான வீக்கம்தானா? தையல் நன்றாக இருக்கிறதா? ஓட்டை? வேண்டாமா? வேண்டாமாம். வேண்டாம் என்கிறாள். கேட்டீர்களா? தெய்வானையக்கா, வேண்டாமாம். அங்கே பாருங்கள், தண்ணீர் கேனையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இன்னும் என்னவோ சொல்கிறாள். இன்றைக்கு இங்கேயே வைத்திருந்து நாளைக்கு அனுப்புகிறார்களாம். சரி. மருந்து ஆவி பிடிக்க வேண்டும். சரி. வீட்டில் புகை வேண்டாம், நெடி வேண்டாம், சத்தம் வேண்டாம். அதைத்தானே நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளைக்கு அம்மா அப்பா தவிர வேறு யாரும் குழந்தைகூட இருக்க வேண்டாம் என்று டாக்டரே சொன்னாராம். சரியான முடிவு. தெய்வானையக்காவுக்கு யாராவது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டாக்டர் வாயால் வந்தது நல்லதாயிற்று.

என்ன? யாரும் என்றால் யாரும்தானா? என்னைப் பார்த்தா சொன்னாள்?

திரும்பச் சொல்ல வேண்டாம், காதில் விழுந்தது. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.

உங்களைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. போங்கள், போங்கள். கடலையை எடுத்துவிட்டார்களாம், கையில் வைத்துக் காட்டுகிறாள் பாருங்கள். பையனை அழவிடாதீர்கள். பையை மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

கவியை வெளியே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மயக்கம் இன்னும் தெளியவில்லை, அரைக்கண். தெய்வானையக்கா, மூச்சைக் கேளுங்கள், ஒரு சத்தம் இல்லை. பூனைக்குட்டி மாதிரி வருகிறது.

சுகந்தி. கொஞ்சம் நில்லும்மா. பார், எவ்வளவு மெதுவாகப் பேசுகிறேன். நாளைக்கு நானும் உங்ககூட வரட்டுமா? அடுப்படியிலேயே இருந்துக்கறேன். குழந்தை பக்கம்கூட வரமாட்டேன். கஞ்சி மட்டும் வெச்சுக் கொடுத்துட்டு, வாயே திறக்காம ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கேன். வரட்டுமா?